துக்கம் விசாரிக்க வந்தவர்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் சுந்தரேஸ்வரி வைத்திருந்த கடையின் முன்பக்கம் மரவள்ளிக்கிழங்கு, வாழைக்காய், கருவாடு, அரிசி மூட்டை. பின்பக்கம் ஒட்டுப்பலகையால் அடைத்த தொலைபேசிக் கூண்டுகள். அங்கிருந்து உலகத்தில் எந்த மூலைக்கும் மலிவாகப் பேசலாம். அந்தப் பலகைகளைப் போட்டவர் அவளுடைய கணவர் செல்வராசா. ‘உள்ளே கதைக்கிறது ஒரு சொட்டும் வெளியே வராது’ என்று சத்தியம் பண்ணித்தான் போட்டார். உள்ளே ஒருவர் பெருமூச்சு விட்டால்கூடக் கல்லாவில் இருப்பவளுக்குக் கேட்கும்.

இப்படி எட்டு வருடம் கேட்டுக் கேட்டுச் சுந்தரேஸ்வரிக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. எந்த நாட்டுக்காரர் பேசினாலும் முதலில் சுகம் விசாரிப்பார்கள், பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு விலைவாசி. விலைவாசி வந்ததும் குரல் உயரும். அதற்குமேல் எல்லா நாட்டுக்கும் ஒரே கதைதான், யார் கெடுத்தது என்ற கதை. கெடுத்தவன் எப்போதும் முந்தின ஆளாகவே இருப்பான். இப்போது இருப்பவன் கெடுத்ததாக அவள் ஒருநாளும் கேள்விப்படவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது களைத்துப்போயிருந்தது.

வருகிறவர்களின் ஜேர்மன் பாதி, ஆங்கிலம் பாதி. அவளிடம் இருப்பதும் அதே பாதிகள்தான். ஆனால் யார் எதில் சொன்னாலும் அது அவள் காதுக்குள் போனவுடன் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். நாமும் அப்படியே கேட்டுக்கொள்வோம்.

சனிக்கிழமைகளில் ஓசாரோ வருவார். நைஜீரியாக்காரர். அங்கே ஒரு மாநிலத்தில் எரிபொருள் விநியோகத்துக்குப் பொறுப்பாகப் பெரிய பதவியில் இருந்தவராம். இருதய வைத்தியத்துக்கென்று மகள் வீட்டுக்கு வந்து, வைத்தியம் முடிந்தும் தங்கிவிட்டார். எந்தக் குளிரிலும் கழுத்துப்பட்டி கட்டித்தான் வருவார். ஊருக்குப் பேசி முடித்ததும் செல்வராசாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், தேத்தண்ணி ஆறும்வரை அரசியல்தான்.

“நாங்கள் பதவிக்கு வரேக்க முந்தினவங்கள் எல்லாத்தையும் துடைச்சு வழிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்” என்பார் ஓசாரோ.

“எங்கட கோயிலிலயும் அதேதான் நடந்தது. முந்தின நிர்வாக சபை விட்ட பிழையைத்தான் நாங்கள் இப்ப சுமக்கிறம்” என்பார் செல்வராசா.

முந்தின சபையில் உபதலைவராக இருந்தவரும் இதே செல்வராசாதான். அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் சுந்தரேஸ்வரி பொறுக்கமுடியாமல் கேட்டாள். “நிலத்துக்குக் கீழ அவ்வளவு எண்ணெய் எண்டு சொல்லுறியள். பிறகேன் உங்கட சனம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்குது?”

ஓசாரோ கோபப்படவில்லை. சிரித்தார். “மேடம், நல்ல கேள்வி” என்றார். அதற்குப் பிறகு சொன்ன பதிலில் வெள்ளைக்காரன் வந்தான், கொம்பனிகள் வந்தன, உலகச் சந்தை வந்தது, மத்திய அரசு வந்தது. ஓசாரோ மட்டும் வரவில்லை.

ரூத்தும் அதே நாடுதான், ஆனால் அவள் வருவது ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்த பிறகு. கடை தொடங்குவதற்கு முன் சுந்தரேஸ்வரியும் அவளும் ஒரே வைத்தியசாலையில் தரை துடைத்தவர்கள். சுந்தரேஸ்வரிக்குப் பித்தப்பையில் கல் வந்து வெட்டியபோது, செல்வராசா கோயில் கூட்டத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தது ரூத் மட்டும்தான். ‘அக்கா’ என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தாளோ, வாய் நிறையக் கூப்பிடுவாள். பேர்லினில் சுந்தரேஸ்வரிக்குச் சொந்தக்காரர் நிறையப் பேர் உண்டு. சிநேகிதி என்று சொல்ல இவள் ஒருத்திதான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு, ரூத் கூண்டுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமல் போனது. சத்தம் போட்டால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம். சுந்தரேஸ்வரி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ரூத் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் யாரோ ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தாள்.

ரூத்தின் தம்பி தானியேல் செத்துப்போனான். அவர்கள் ஊருக்குப் பக்கத்தால் போகும் எண்ணெய்க் குழாயில் நெடுநாளாக ஒழுக்கு. ஊர்ச் சனம் போய் அதிகாரிகளிடம் சொன்னது, திரும்பவும் போய்ச் சொன்னது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஊரில் அடுப்பெரிக்க மண்ணெண்ணெயும் இல்லை. பிறகென்ன, சனம் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகத் தொடங்கியது. ஒருநாள் தானியேலும் தாயின் அடுப்புக்கென்று போனான். எங்கோ ஒரு பொறி பட்டது. எது யாருடைய உடம்பு என்று தெரியாததால் எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அடுத்த நாள் மாநிலத்து அதிகாரி ஒருவர், தான் ஐரோப்பாவில் வைத்தியத்தில் இருப்பதாகச் சொல்லி அங்கிருந்தே வானொலிக்குப் பேட்டி கொடுத்தார். செத்தவர்கள் எண்ணெய்த் திருடர்கள் என்றார்.

“அக்கா, எனக்கு நட்டஈடு வேண்டாம். ஒரு ஆள் வந்து, இது எங்கட பிழை எண்டு ஒருக்காச் சொன்னால் காணும். அம்மா இரவும் பகலும் ரேடியோவுக்குப் பக்கத்திலயே இருக்கிறா. ஆராவது சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறா. என்ர பிள்ளை கள்ளன் இல்லை எண்டு கேட்டால்தான் அவவுக்கு நித்திரை வரும்” என்றாள் ரூத்.

சுந்தரேஸ்வரிக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அவளுடைய அண்ணனைச் சந்தியில் வைத்து ஏற்றிக்கொண்டு போனவர்களைத் தேடி அவளுடைய தாய் ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலாகப் போய் நின்றவள். ‘அது முந்தின பொறுப்பதிகாரி காலத்தில் நடந்தது’ என்றுதான் எல்லா வாசலிலும் பதில் வந்தது. தாய் செத்தபோதும் அந்தப் பதில்தான் கையில் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கலியாணவீட்டுக்குக் கூப்பிடாமல் போகமாட்டார்கள், செத்தவீட்டுக்குக் கூப்பிடும்வரை நிற்கமாட்டார்கள். தெரிந்தவன், தெரியாதவன், கோபக்காரன் என்று பார்ப்பதில்லை. ஒரே ஊர் என்றால் போதும், போய்த் தலையைக் காட்டவேண்டும். ஜேர்மனியில் ஒரு சாவு என்றால் தூரத்து ஹம் நகரத்திலிருந்தும் ரயில் ஏறி வருவார்கள். ரூத்தின் வீட்டுக்கு அவள் தேவாலயத்து ஜேர்மன்காரர் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் போகவில்லை என்று கேள்விப்பட்டபோது சுந்தரேஸ்வரிக்கு மனம் பொறுக்கவில்லை. துக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வீட்டில், அவள் நாட்டு ஆள் ஒருவர்கூட வந்து உட்காரவில்லையே!

அடுத்த சனிக்கிழமை ஓசாரோ வந்ததும் சொன்னாள். “உங்கட நாட்டுப் பிள்ளை ஒண்டு என்ர சிநேகிதி. தம்பி குழாய் நெருப்பில செத்துப்போனான். நான் பின்னேரம் சாப்பாடு கொண்டு போறன். நீங்களும் வாங்கோ. ஊர் ஆள் ஒருத்தர் வந்தால் அவளுக்கு ஆறுதலாயிருக்கும்.”

ஓசாரோ எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

“வாறன் மேடம்” என்றார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் கட்டிக்கொண்டு சுந்தரேஸ்வரி முன்னே போனாள். ஓசாரோ மூச்சு வாங்கி வாங்கிப் பின்னால் படியேறினார். பெரிய மனுசன், நோயாளி, பாவம் இந்தப் படியெல்லாம் ஏறி வருகிறாரே என்று அவர்மேல் அவளுக்கு மரியாதைகூட வந்தது. இந்த வடிகட்டின முட்டாள்தனத்தை நினைத்துப் பிறகு அவள் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

ரூத் கதவைத் திறந்தாள். சுந்தரேஸ்வரியைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலால் ஓசாரோவைப் பார்த்தாள். முகம் அப்படியே செத்துப்போனது.

“இவர் உங்கட நாட்டு ஆள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்” என்றாள் சுந்தரேஸ்வரி.

“இவரை எனக்குத் தெரியும் அக்கா. எங்கட ஊர்ச் சந்தையில இவற்ர படம் ஒட்டியிருந்தது. ரேடியோவில என்ர தம்பியைக் கள்ளன் எண்டு சொன்னதும் இவர்தான்.”

சுந்தரேஸ்வரிக்குக் கையிலிருந்த சோற்றுப் பாத்திரம் கனத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் ரூத் வாசலை விட்டு விலகி நின்றாள். வீடு தேடி வந்தவரை வாசலில் நிற்பாட்டும் வழக்கம் அவர்கள் பக்கத்திலும் இல்லை போலும். ஓசாரோ உள்ளே போய்க் கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

அவர் பேசத் தொடங்கினார். குழாய் போட்டது முந்தின அரசாங்கம் என்றார். பழுது பார்ப்பதற்குக் கேட்ட நிதியை மேலிடம் அனுப்பவில்லை என்றார். கொம்பனிக்காரன் கையை விரித்துவிட்டான் என்றார். களவெடுக்கிற கூட்டம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்றும், தான் அவர்களைத்தான் சொன்னதாகவும், வானொலிக்காரர் வெட்டி ஒட்டிவிட்டதாகவும் சொன்னார். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சுந்தரேஸ்வரிக்கு அதுதான் இன்னும் அலுப்பாக இருந்தது.

ரூத் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு விட நிறுத்தியபோது மெல்லிய குரலில் கேட்டாள்.

“குழாய் ஒழுகுது எண்டு சொல்ல எங்கட ஊர்ப் பொம்பிளையள் உங்கட கந்தோருக்கு வந்தவை. என்ர அம்மாவும் வந்தவ. வெய்யிலுக்க வாசலில நிண்டவை. அண்டைக்கு உள்ளுக்கு ஆர் இருந்தது?”

“அந்த நேரத்தில நிர்வாகம்...”

“ஆர் இருந்தது?”

ஓசாரோ சுந்தரேஸ்வரியைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

“நான் இருந்தனான்” என்றார். “யன்னலால பாத்தனான். பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன். என்ர பிழைதான் பிள்ளை.”

ரூத் அப்போதுதான் அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. சுந்தரேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணனுக்காகவும் இருக்கும், வாசல் வாசலாக நின்ற தாய்க்காகவும் இருக்கும்.

அழுகை ஓய்ந்தபின் ரூத் சொன்னாள். “இப்ப சொன்னதை அங்க சொல்லுங்கோ. ரேடியோவில. அம்மா கேக்கவேணும்.”

“சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி இருக்கு. ஆக்கள் எடுத்துக் கதைக்கலாம். சொல்லுறன்” என்றார் ஓசாரோ. ரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது எங்கள் ஆட்கள் ‘போட்டு வாறன்’ என்று திரும்பி வருவதாகச் சொல்லமாட்டார்கள். சுந்தரேஸ்வரி பேசாமல் இறங்கினாள். ஓசாரோ மட்டும் வாசலில் நின்று, “திரும்பவும் சந்திப்பம்” என்று விடைபெற்றார். அவருக்கு என்ன தெரியும் என்று அவள் மனதுக்குள் மன்னித்துவிட்டாள்.

வீட்டில் செல்வராசா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பாத்தீரே, பெரிய மனுசர் பெரிய மனுசர்தான். நான் அப்பவே சொன்னனான்” என்றார். எப்போது சொன்னார் என்பது அவருக்கே வெளிச்சம்.

சனிக்கிழமை ஓசாரோ கொஞ்சம் முந்தியே வந்தார். புதுக் கழுத்துப்பட்டி. கடைசிக் கூண்டைக் கேட்டு வாங்கி உள்ளே போனார். ரூத் அன்றைக்கு வேலையிலிருந்து நேரே வந்தாள், வைத்தியசாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுந்தரேஸ்வரி கல்லாவுக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையைத் தட்டி இடம் கொடுத்தாள். செல்வராசாவின் பலகை தன் வேலையைச் சரியாகச் செய்தது, உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

நிகழ்ச்சிக்காரன் முதலில் சுகம் விசாரித்திருக்கவேண்டும். இருதயம் இப்போது நல்லாயிருக்கிறது, கடவுள் கிருபை என்று ஓசாரோ பதில் சொன்னார். வருகிற வருடம் தேர்தல், திரும்பி வந்து நிற்கப்போவதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“போன கிழமை இஞ்ச பேர்லினில, குழாய் விபத்தில தம்பியைப் பறிகுடுத்த ஒரு சகோதரியின்ர வீட்டுக்குப் போனனான். ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. நானாத்தான் போனனான். மாடிப்படி ஏற ஏலாத இந்த இருதயத்தோட போனனான். அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சு அழுதுது. ‘ஐயா, உங்களில பிழை இல்லை, முந்தின அரசாங்கம் எங்களைக் கைவிட்டிட்டுது, நான் உங்களை மன்னிச்சிட்டன்’ எண்டு சொன்னது.”

ரூத் எழும்பினாள். திரும்பவும் உட்கார்ந்தாள். சுந்தரேஸ்வரியின் விரல் கல்லாக் கணினியில், கடைசிக் கூண்டின் தொடர்பை வெட்டுகிற இடத்துக்குப் போய் நின்றது. வெட்டி என்ன? சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டாரே மனுசன். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் அலுப்புத்தான் வந்தது. முகாம் வாசலில் நின்ற தாயின் முகம் கடைசிக் காலத்தில் ஏன் கோபமில்லாமல் அலுத்துப்போயிருந்தது என்று அப்போது விளங்கியது.

ஓசாரோ வெளியே வந்தார். அரிசி மூட்டையில் இருந்த ரூத்தைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான்.

“பிள்ளை, நீ கோவிக்கக்கூடாது. அரசியலில சில விஷயத்தை இப்பிடித்தான் சொல்லவேணும். இப்ப உண்மையைச் சொன்னால் முந்தினவங்கள் திரும்பவும் பதவிக்கு வந்திடுவாங்கள், பிறகு உங்கட ஊருக்குக் குழாயும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் வெண்டு வரட்டும். எல்லாத்தையும் சொல்லுறன்.”

ரூத் அவரைப் பார்க்கவேயில்லை. அவர் சுந்தரேஸ்வரியிடம் எவ்வளவு என்று கேட்டார். அந்தக் கையிலிருந்து எதையும் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. “ஒண்டும் வேண்டாம். போங்கோ” என்றாள். அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு, “மெத்த நன்றி மேடம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூலையில் இருந்த செல்வராசா தொண்டையைச் செருமினார். “நீர் ஏனப்பா அந்தாளைக் கூட்டிக்கொண்டு போனீர்? எனக்கெண்டால் முதலே ஒரு சந்தேகம்...”

சுந்தரேஸ்வரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய் வாழைக்காய்ப் பெட்டியை அடுக்கத் தொடங்கினார்.

ரூத் கூண்டுக்குள் போய்த் தாய்க்கு எடுத்தாள். நெடுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. பிறகு, “இல்லை அம்மா” என்றாள். “நான் அப்பிடிச் சொல்லேல்லை.” திரும்பவும், “இல்லை அம்மா.” கதவைத் திறந்து ரிசீவரை நீட்டினாள்.

“அம்மா நம்பமாட்டன் எண்டுறா அக்கா. ஊரெல்லாம் வந்து கேக்குதாம். என்னைக் கேக்காமல் என்ர பிள்ளையின்ர சாவை நீ எப்பிடி மன்னிப்பாய் எண்டு கேக்கிறா. நீங்கள் கதையுங்கோ. நீங்கள்தானே அங்க நிண்டனீங்கள்.”

சுந்தரேஸ்வரி ரிசீவரை வாங்கினாள். கூண்டுக்குள் வெக்கையாக இருந்தது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். சொல்ல எவ்வளவோ இருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது, எங்கள் வழக்கம் அப்படி, அந்தாள் ஏமாற்றிவிட்டார், நல்லதுக்குத்தான் செய்தேன். எல்லாம் உண்மை. வாய்வரை வந்தது. அந்தக் கதிரை நுனியில் உட்கார்ந்து ஓசாரோ அடுக்கியதும் இப்படித்தானே என்று நினைத்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டாள்.

தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “அம்மா, உங்கட மகள் மன்னிக்கேல்லை. அந்தாளை உங்கட மகளின்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். பிழை என்ர. என்னை மன்னியுங்கோ.”

கிழவியின் குரல் வந்தது.

“என்ன சொன்னனீர்? திரும்பச் சொல்லும்.”

“பிழை என்ர எண்டு சொன்னனான், அம்மா.”

கிழவி பக்கத்திலிருந்த யாரையோ சத்தம் போடாதே என்று அதட்டினாள். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடிப்பது இங்கே கேட்டது.

“நீர் அரசாங்கத்திலயோ வேலை?” என்று கேட்டாள்.

“இல்லையம்மா” என்றாள் சுந்தரேஸ்வரி. “நான் கடைக்காரி.”